காசு கொடுத்து சைக்கிள் மிதித்த கதை

"ஆத்தங்கரையில சைக்கிள் மிதிக்கறதுக்கு ஆஸ்திரியா வரைக்கும் போகணுமாடா?"

கேட்டவர் என் அப்பா. நியாயமான கேள்விதான். திருவையாறு பக்கத்தில் தபால்காரராக இருந்தவர். காவிரிக் கரையோரக் கிராமங்களுக்குத் தினம் இருபத்தைந்து கிலோமீட்டர் மிதித்து, இருபத்தெட்டு வருஷம் கழித்து ரிடையர் ஆனவர். அவரைப் பொறுத்தவரை சைக்கிள் என்பது சம்பளத்துக்கு மிதிக்கிற வஸ்து. நாமே காசு கொடுத்து மிதிப்பது என்பது, ஆபீசில் மானேஜருக்கு மாசாமாசம் ஒரு தொகை கட்டிவிட்டு ஓவர்டைம் பார்க்கிற மாதிரி!

விஷயத்தை ஆரம்பத்திலிருந்து சொல்லிவிடுகிறேன். என்னோடு பி.காம். படித்த நண்பன் ஒருவன் வங்கியில் கேஷியர். கல்லூரிப் பெயர் எல்லோருக்கும் மறந்துபோய், இப்போது அவன் பெயரே 'கேஷியர்'தான். பல்லைப் பிடுங்கிக்கொள்ள பல் டாக்டரிடம் போனவன், அங்கே சுவரில் தொங்கிய காலண்டரில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டான். பச்சை மலைக்கு நடுவே ஆறு ஒன்று குதிரை லாடம் மாதிரி வளைந்து திரும்பிப் போகிறது. கரையில் துளியூண்டாக இரண்டு சைக்கிள்கள். பல் வலியை மறந்து, அந்தப் பக்கத்தை செல்போனில் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினான். கூடவே ஒரு வரி: 'போறோம்டா.'

நம்ம ஊரில் 'போறோம்டா' என்று ஆரம்பித்த கோவா பயணங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். நானும் 'ஓகே' என்று அனுப்பிவிட்டு சாம்பார் சாதத்தைத் தொடர்ந்தேன். ஆனால், அவன் மறுநாளே ஒரு கணக்குத் தாளோடு வீட்டுக்கு வந்துவிட்டான். அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது.

*

அந்த ஆறு டான்யூப். வளைவுக்குப் பெயர் ஷ்லோகன் வளைவு. ஜெர்மனியின் பஸ்ஸாவ் நகரத்தில் ஆரம்பித்து, ஆற்றங்கரையோடு ஆஸ்திரியாவுக்குள் போய் வியன்னாவில் முடிகிற சைக்கிள் பாதை. சுமார் 320 கிலோமீட்டர். ஐரோப்பாவில் பிரபலமான சைக்கிள் பாதைகளில் இது ஒன்று. அட்லான்டிக் கடலிலிருந்து கருங்கடல் வரை போகிற 'யூரோவெலோ 6' என்ற நெடும்பாதையின் ஒரு துண்டு.

"ஆறு எந்தப் பக்கம் ஓடுது? பஸ்ஸாவ்லேர்ந்து வியன்னாவுக்கு. அப்ப பாதை முழுக்க இறக்கம். மிதிக்கவே வேண்டாம். நாளைக்கு எண்பது கிலோமீட்டர், நாலு நாள், வேலை முடிஞ்சுது" என்றான் கேஷியர்.

எனக்கு காமர்ஸ் புத்தி. விசாரித்துப் பார்த்தேன். பஸ்ஸாவ் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர். வியன்னா ஏறக்குறைய 160. ஆக, 320 கிலோமீட்டருக்கு 140 மீட்டர் இறக்கம். ஒரு கிலோமீட்டருக்கு அரை மீட்டர்கூடத் தேறவில்லை. எங்கள் தெரு முனையில் ஸ்பீட் பிரேக்கர் இறங்குவதே இதைவிட வேகமாக இருக்கும்.

ஆனால், ஏற்றமும் கிடையாது. அதுதான் முக்கியம். காரணம் சுவாரசியமானது. எஞ்சின் வராத காலத்தில் சரக்குப் படகுகளை ஆற்றின் எதிர்த்திசையில் இழுக்கக் குதிரைகளைக் கட்டுவார்களாம். குதிரைகள் நடப்பதற்காகத் தண்ணீரை ஒட்டிப் போட்ட பாதைகள் பல இடங்களில் அப்படியே இன்றைய சைக்கிள் பாதைக்குக் கீழே கிடக்கின்றன. குதிரை சரக்கு இழுத்த தடத்தில் மனுஷன் உல்லாசமாகப் போகிறான்.

அடுத்த சந்தேகம் என் சகதர்மிணிக்கு வந்தது.

"ஏங்க, மெட்ராஸ்லேர்ந்து பிளேன்ல வியன்னா போறீங்க. அங்கேர்ந்து ரயில்ல பஸ்ஸாவ் போறீங்க. எவ்வளவு நேரம்?"

"ரெண்டேகால், ரெண்டரை மணி நேரம்."

"அப்புறம் எட்டு நாளோ பத்து நாளோ சைக்கிள் மிதிச்சு மறுபடி அதே வியன்னாவுக்கே வர்றீங்க?"

"ஆமா."

"அதுக்கு வியன்னாவிலேயே இருந்துடலாமே!"

நானும் கேஷியரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பதில் இல்லை. பி.காம்.மில் இதற்கெல்லாம் சொல்லித்தரவில்லை.

அவள் கேள்விக்குப் பின்னால் வேறொரு கணக்கும் இருந்தது. செகண்ட் ஹாண்ட் கார் ஒன்றுக்காக இரண்டு வருஷமாகச் சேர்த்த பணம் வங்கியில் இருந்தது. கட்டுரை எழுதிப் பிழைக்கிறவன் வீட்டில் பணம் எப்படிச் சேரும் என்று சொல்ல வேண்டியதில்லை. சொட்டுச் சொட்டாக! அதில் ஒரு லட்சத்து எழுபதாயிரத்தை எடுக்கப் போகிறேன். விமானம் அறுபதாயிரம். பத்து ராத்திரி தங்க, இருவருக்கு ஒரு அறை என்று என் பங்கு நாற்பதாயிரம். சாப்பாடு இருபத்தேழு. வாடகை சைக்கிள் பதிமூன்று. பெட்டியை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர்களுக்கு ஒன்பது. விசா, இன்சூரன்ஸ் பதினொன்று. ரயில், டிக்கெட், காபி என்று பத்து. இது 2023 கணக்கு. இன்றைக்குப் போகிறவர்கள் தாராளமாகக் கூட்டிக்கொள்ளவும்.

"கார் அடுத்த வருஷம் வாங்கிக்கலாம்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததுதான் பயமாக இருந்தது.

*

விசா பற்றிக் கொஞ்சம். நாளைக்கு உங்களுக்கும் உதவும்.

ஷெங்கன் விசாவில் ஒரு விதி இருக்கிறது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். எங்களுக்கு பஸ்ஸாவில் ஒரே ராத்திரி. மற்றதெல்லாம் ஆஸ்திரியா. ஆகவே ஆஸ்திரியா. ஆறு மாசத்துக்கு முன்பே விண்ணப்பிக்கலாம். கடைசிப் பட்சம் பதினைந்து நாளைக்கு முன்னால் கொடுத்தாக வேண்டும். மருத்துவ இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு. கட்டணம் அப்போது 80 யூரோ. 2024 ஜூனிலிருந்து 90. எந்த ராத்திரி எந்த ஊரில் படுக்கிறோம் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். தோன்றிய இடத்தில் தங்கலாம் என்ற காலேஜ் காலத்துக் கனவெல்லாம் விசா பாரத்திலேயே செத்துவிடும்.

கவுண்ட்டரில் இருந்த பெண் என் பேப்பர்களைப் புரட்டினார்.

"ஆக்குபேஷன்?"

"எழுத்தாளர்."

"சரி சார். வேலை?"

அசடு வழிந்தபடி மூன்று வருஷ வருமான வரி ரிட்டர்னை நீட்டினேன். அவர் அதைப் பார்த்த பார்வையில் லேசான அனுதாபம் தெரிந்தது.

"எதுக்காகப் போறீங்க?"

"சைக்கிள் ஓட்ட."

"போட்டி ஏதாவதா?"

"இல்லீங்க. சும்மா."

'சும்மா' என்ற அந்த ஒரு வார்த்தைக்காக அவர் தலையை நிமிர்த்தி என்னை ஒரு தடவை முழுசாகப் பார்த்தார். பிறகு ஸ்டாப்ளரை எடுத்தார்.

*

விசா அலைச்சலுக்கு நடுவே ஊருக்குப் போனபோது, அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேஷியரின் கணக்குத் தாளை வாங்கினார். தபால்காரர் அல்லவா, எழுதியிருப்பதை விலாசம் முதல் கடைசி வரை படிப்பார்.

"நாளைக்கு எண்பது கிலோமீட்டர்னு எழுதினவன் எவன்?"

"கேஷியர்ப்பா."

"அவன் சைக்கிள் மிதிச்சு எத்தனை நாளாச்சு?"

"வருஷமாச்சு."

அப்பா பேனாவைக் கேட்டு வாங்கினார். எண்பதை அடித்துவிட்டு நாற்பது என்று எழுதினார். நாலு நாளை அடித்து எட்டு ஆக்கினார். பிறகு சொல்லிக்கொண்டே போனார். நான் எழுதிக்கொண்டேன்.

"சீட்டைத் தாழ்த்தி வெச்சா சொகுசாத்தான் இருக்கும். நாலாம் நாள் முட்டி போயிடும். மிதி அடியில இருக்கறப்போ கால் லேசா மடங்கியிருக்கணும், அவ்வளவுதான். பசிக்கறதுக்கு முன்னாடி சாப்பிடு. தாகம் எடுக்கறதுக்கு முன்னாடி குடி. வயிறு முட்டத் தின்னுட்டு மிதிக்காதே. முதல் ரெண்டு நாள் உற்சாகத்துல பறக்காதே, மூணாம் நாள்தான் உடம்பு பில் போடும். காத்து எந்தப் பக்கம் அடிக்கும்?"

"காத்தா?"

"ஆமாடா. மேட்டைக்கூட ஏறிடலாம். எதிர்காத்துதான் எமன். அதைக் கேக்காமலா கிளம்பறே?"

விசாரித்தேன். அங்கே பொதுவாக மேற்கிலிருந்து கிழக்காகத்தான் காற்று. பஸ்ஸாவிலிருந்து வியன்னா போகிறவர்கள் முதுகில் காற்று. எல்லோரும் அந்தத் திசையிலேயே போவதற்கு ஆற்று இறக்கத்தைவிட இதுதான் பெரிய காரணம். ஆஸ்திரியாவைப் பார்க்காத மனுஷர், ஆஸ்திரியா போவதற்கான முதல் கேள்வியைக் கேட்டுவிட்டார்!

"உன் பெட்டியெல்லாம்?"

"வேன்ல எடுத்துட்டுப் போய் அடுத்த ஊர் லாட்ஜ்ல வெச்சுடுவாங்கப்பா."

"அப்ப கேரியர்ல?"

"ஒண்ணும் இருக்காது. தண்ணி பாட்டில், மழைக்கோட்டு."

அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்தார். அந்த விஷயத்தில் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

*

தாளில் எங்களுக்குள் சண்டை வந்தது ஒரே ஒரு இடத்தில்தான். லின்ஸ் நகரத்தைத் தாண்டி சுமார் 25 கிலோமீட்டரில் மவுத்ஹவுசன் என்ற சின்ன ஊர். கரையிலிருந்து பார்த்தால் அழகாக இருக்கும். மேலே குன்றில் நாஜிகளின் வதைமுகாம் இருந்தது. 1938 முதல் 1945 வரை அங்கும் அதன் கிளை முகாம்களிலும் சுமார் 1,90,000 பேரை அடைத்து வைத்தார்கள். 90,000 பேராவது செத்துப்போனார்கள். இப்போது நினைவிடம்.

"லீவ் போட்டு, லோன் போட்டுப் போறோம். அங்கே போய் எதுக்குடா அழணும்?" என்றான் கேஷியர்.

"பாதை அதுக்குக் கீழேயேதான் போகுது. தலையைத் திருப்பிக்கிட்டுப் போகணுமா?" என்றேன் நான்.

கடைசியில் அப்பாவின் எட்டு நாள் கணக்குதான் தீர்ப்புச் சொன்னது. நாளைக்கு எண்பது என்றால் அங்கே நிற்கவே நேரம் இல்லை. நாற்பது என்றால் ஒரு மத்தியானம் மிச்சம். தாளில் அந்த மத்தியானத்துக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டோம்.

*

2023 செப்டம்பர். பஸ்ஸாவ்.

டான்யூப், இன், இல்ஸ் என்று மூன்று ஆறுகள் கூடும் இடம். மலையிலிருந்து வரும் இன் வெளிறிய பச்சை. இல்ஸ் கறுப்பு. மூன்று தண்ணீரும் கொஞ்ச தூரம் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காமல், கூட்டுக் குடும்பத்து மருமகள்கள் மாதிரி பக்கத்துப் பக்கத்திலேயே ஓடுகின்றன. ஊர் மண்டபச் சுவரில் பழைய வெள்ள அளவுகளைக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். 2013 ஜூனில் ஆற்றின் மட்டம் 12.89 மீட்டரைத் தொட்டது. அந்தக் கோடு என் தலைக்கு மேலே எங்கேயோ இருந்தது. (2024 செப்டம்பரில் கீழ் ஆஸ்திரியாவிலும் பெரிய வெள்ளம். கிளம்புவதற்கு முன் பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது உசிதம்.)

வாடகை சைக்கிளைக் கொடுத்தார்கள். பஸ்ஸாவில் எடுத்து வியன்னாவில் விட்டுவிடலாம். ஏறி உட்கார்ந்தேன். நம்ம ஊர்ப் பழக்கத்தில் சும்மா மிதியைப் பின்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றினேன். சைக்கிள் ஆணி அடித்த மாதிரி நின்றது. நான் நிற்கவில்லை! அந்த சைக்கிளில் பின்னால் மிதித்தால் பிரேக்காம். கடைக்காரர் சொல்லியிருக்கிறார். ஜெர்மனில் சொல்லியிருக்கிறார். கேஷியர் விழுந்து விழுந்து சிரித்தான். பத்தாவது நிமிஷம் இடது பக்கமாகவே போய், எதிரே வந்த பாட்டியம்மாவின் பெல் சத்தத்தில் புல்தரையில் இறங்கினான். அங்கே வலது பக்கம் போக வேண்டும். ஆக, ஸ்கோர் ஒன்றுக்கு ஒன்று.

முதல் நாள் நாற்பத்திரண்டு கிலோமீட்டர், ஷ்லோகன். காலண்டரில் பார்த்த அதே வளைவு. கருங்கல் மலை வழிவிடாததால் ஆறு வந்த திசையிலேயே திரும்பிப் போகிறது. சைக்கிள்காரர்களுக்கென்று சின்னப் படகு ஓடுகிறது. படகில் சைக்கிளை ஏற்றிவிட்டு, கேஷியர் செல்போனில் இருந்த காலண்டர் படத்தையும் எதிரே இருந்ததையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். "ஒரிஜினல்தான்டா" என்றான், நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற தொனியில்.

இரவுச் சாப்பாடு. கேஷியர் சுத்த சைவம். மெனு படத்தில் ஒரு சூப். தோசையை மெலிசாக நறுக்கிப் போட்ட மாதிரி இருந்தது. முகம் மலர்ந்துவிட்டது அவனுக்கு. நல்லவேளை, எதற்கும் கேட்டு வைத்தோம். தோசை மாதிரி இருப்பது மாவு, முட்டை, பால். அது மிதப்பது மாட்டெலும்புச் சாற்றில்! சைவர்கள் கவனிக்க: அங்கே சூப்பில் காய்கறி தெரிகிறது என்பதற்காக அது காய்கறி சூப் ஆகிவிடாது. எட்டு நாளும் அவனைக் காப்பாற்றியது ரொட்டியும் சீஸும் உருளைக்கிழங்கும், சகதர்மிணி கட்டிக்கொடுத்த பருப்புப் பொடியும்தான்.

மூன்றாம் நாள், அப்பா சொன்னபடியே உடம்பு பில் போட்டது. உட்காரும் இடத்தைப் பற்றி குடும்பப் பத்திரிகையில் விவரிக்க முடியாது. நல்லவேளையாக அன்றைக்கு 25 கிலோமீட்டர்தான். மத்தியானம் மவுத்ஹவுசனில் சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டுக் குன்றேறினோம்.

முகாமை ஒட்டி ஒரு கருங்கல் குவாரி. அதிலிருந்து மேலே வர 186 படிகள். கைதிகள் முதுகில் கல்லைச் சுமந்துகொண்டு ஏற வேண்டும். நின்றால் அடி. விழுந்தால் பின்னால் வருகிறவர்களும் சேர்ந்து விழுவார்கள். படிக்கட்டுக்கு மரணப் படிகள் என்றே பெயர். இப்போது சுற்றிலும் புல். குருவி கத்துகிறது. மேலே நின்று பார்த்தால் சுற்றுப்பட்டு வயல்வெளி அத்தனை அழகாகத் தெரிகிறது. அதுதான் வயிற்றைப் பிசைந்தது. அழகான இடத்தில் இப்படியெல்லாம் நடக்காது என்று அதுவரை நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வரமாட்டேன் என்று சொன்ன கேஷியர்தான் கடைசியாகக் கிளம்பினான். கீழே வந்து சைக்கிளை எடுத்தபோது, "நாலு நாள் பிளான்ல வந்திருந்தா இதைப் பார்த்திருக்க மாட்டோம்ல?" என்றான். அன்றைக்கு அவன் பேசியது அவ்வளவுதான்.

*

நாலாம் நாள் க்ரைன். 1791-ல் கட்டிய குட்டியூண்டு நாடக அரங்கு ஒன்று இருக்கிறது. ஆஸ்திரியாவில் மிஞ்சியிருக்கும் ஊர் அரங்குகளில் பழமையானது. நாற்காலிகளுக்குப் பூட்டு! சந்தாதாரர் சாவியோடு வந்து தன் நாற்காலியைத் திறந்து உட்காருவார். பஸ்ஸில் கர்ச்சீப் போட்டு இடம் பிடிக்கிற நமக்கு இந்த யோசனை தோன்றாமல் போயிற்றே என்று வருத்தப்பட்டோம்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. இதைத் திட்டத்தில் யாருமே எழுதவில்லை, அப்பா உட்பட. அங்கே ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடல். மளிகைக் கடைக் கதவை இழுத்துப் பார்த்து ஏமாந்தோம். கூடவே அன்றைக்கென்று பார்த்துக் காற்று கிழக்கிலிருந்து. ஐம்பது கிலோமீட்டர் எதிர்காற்று. கையில் இருந்தது அரை ரொட்டியும் பருப்புப் பொடியும். 'எதிர்காத்துதான் எமன்' என்று அப்பா சொன்னது இருபத்தெட்டு வருஷத்து வார்த்தை என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அவருக்குக் காவிரிக் கரையில் காற்று சாதகமாக அடிக்கிற திசையைத் தேர்ந்தெடுக்க முடியாது. போகும்போது முதுகில் அடித்தால், வரும்போது முகத்தில் அடிக்கும். தபால் இருக்கிற ஊருக்குப் போயே ஆகவேண்டும்.

சாயங்காலம் மஞ்சள் நிறத்தில் மெல்க் மடாலயம் பாறை மேல் தெரிந்தது. 1089 முதல் துறவிகள் இருக்கிற இடம். இப்போதுள்ள பிரம்மாண்டக் கட்டடத்தை 1702-ல் ஆரம்பித்து 1736-ல் முடித்தார்கள். எனக்கு அப்போது அது பெரிய ஓட்டலாக இருக்கக்கூடாதா என்றுதான் தோன்றியது.

மறுநாள் வாகாவ் பள்ளத்தாக்கு. மெல்க்கிலிருந்து க்ரெம்ஸ் வரை சுமார் 36 கிலோமீட்டர். 2000-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். மலைச்சரிவில் சிமென்ட் இல்லாமல் கல்லை அடுக்கிக் கட்டிய படிகள். படிதோறும் திராட்சை, அறுவடைக் காலம். நடுவே ஆப்ரிகாட் தோப்புகள். ஆப்ரிகாட்டை முழுசாக உள்ளே வைத்து மாவுருண்டையாக வேகவைத்து ரொட்டித் தூளில் புரட்டித் தருகிறார்கள். பூரணக் கொழுக்கட்டைதான்! பிள்ளையார் மட்டும்தான் பாக்கி. வழியில் வில்லன்டார்ஃப் கிராமம். பல்லாயிரம் வருஷத்துக்கு முந்தைய பதினொரு சென்டிமீட்டர் பெண் சிலையை 1908-ல் இங்கேதான் தோண்டி எடுத்தார்கள். அசல் சிலை வியன்னா மியூசியத்தில் இருக்கிறது. அப்புறம் ட்யூர்ன்ஸ்டைன். மேலே இடிந்த கோட்டை. இங்கிலாந்து ராஜா ரிச்சர்டை 1192-ல் பிடித்து இங்கே அடைத்து வைத்தார்கள்.

கணக்கு வைத்துப் பார்த்தேன். அந்த முப்பத்தாறு கிலோமீட்டருக்கு நாங்கள் பதினான்கு தடவை நிறுத்தியிருந்தோம். திராட்சைக்கு, கொழுக்கட்டைக்கு, படகுக்கு, ஒன்றுமே இல்லாததற்கு. மிதிப்பது என்னவோ அப்பா மிதித்த அதே மிதிதான். நினைத்த இடத்தில் காலை ஊன்றி நிறுத்தலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்பதற்குத்தான் ஒரு லட்சத்து எழுபதாயிரம். விடுமுறைக்குத் திட்டம் போடுவது என்றால், எங்கெல்லாம் நிறுத்தலாம் என்று இடம் விடுவதுதான். சகதர்மிணியின் கேள்விக்கும் அங்கேதான் பதில் கிடைத்தது. ரயில் அதே வியன்னாவுக்கு இரண்டரை மணியில் போகும். ஆனால், கொழுக்கட்டைக்கு நிற்காது.

ஏழாம் நாள் ஸ்வென்டென்டார்ஃப் என்ற ஊரில் ஒரு விநோதம். அணுமின் நிலையத்தை முழுசாகக் கட்டி முடித்துவிட்டு, 1978-ல் ஓட்டெடுப்பு வைத்தார்கள். 50.5 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஒருநாள்கூட ஓடவில்லை. "முழு முதலும் போட்டுட்டு, ஓட்டாம விடறதுக்கும் ஒரு தில் வேணும்டா" என்றான் கேஷியர்.

எட்டாம் நாள் வியன்னா. சைக்கிளை ஒப்படைத்தபோது சீட்டைத் தட்டிக்கொடுத்தான். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

*

ஊருக்குப் போனேன். அப்பா திண்ணையில் இருந்தார். போட்டோக்களைக் காட்டினேன். மடாலயம், கோட்டை எல்லாவற்றுக்கும் "ம்" என்றார். ஆற்றங்கரைப் பாதையை மட்டும் விரலால் பெரிசாக்கிப் பார்த்தார்.

"நல்ல ரோடு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பையெல்லாம் வேன்ல போயிடுச்சுன்னியே..." என்றார்.

"ஆமாப்பா."

"ஒண்ணும் இல்லாம மிதிக்கறது எப்படிடா இருந்துச்சு?"

இருபத்தெட்டு வருஷம் ஹேண்டில்பாரில் ஒரு பை, கேரியரில் ஒரு மூட்டை. அவரிடம் நான் என்னத்தைச் சொல்வது? வாயைத் திறந்து மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு சைக்கிளைக் கேட்டு வாங்கினேன். அப்பா தன்னுடையதைத் துடைத்து எடுத்தார். காவிரிக் கரையில் மெதுவாகப் போனோம். எழுபது வயசு. ஆனால், சீட்டில் உட்கார்ந்ததும் முதுகு நிமிர்ந்துவிட்டது. பழக்க தோஷத்தில் இரண்டு தடவை திரும்பிக் கேரியரைப் பார்த்தார்.

இரண்டு கிலோமீட்டர் போயிருப்போம். ஒரு அரசமரத்தடியில் பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றினார். எனக்குப் பகீரென்றது.

"என்னப்பா, மூச்சு வாங்குதா? எதுக்கு நிறுத்தினீங்க?"

ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சும்மாதான்."